கட்டிங்கின் மறுபாதி

குடிப்பவர்களிடம் வீடியோ அழைப்பில் பேசுவது எப்படி என்று, புதிதாக ஆலோசகர் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். கேமரா கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். பின்னால் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும். அடிக்கடி தலையை ஆட்ட வேண்டும். "நீங்க சொல்றது புரியுது" என்று அவ்வப்போது சொல்ல வேண்டும், புரியாவிட்டாலும். ஓய்வு பெறும்வரை விழுப்புரத்தில் அந்தப் பயிற்சியைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான். ஆகவே அதில் எது இல்லை என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

நடைமுறைகளைக் குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு நடைமுறைகள் பிடிக்கும். சிலவற்றை நானே எழுதியிருக்கிறேன். அவற்றை முழுவதும் படித்த ஒரே ஆளும் நான்தான்.

நம் போதை மீட்பு மையத்துக்கு வருகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகியவர்கள். அதிலிருந்து மீள, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுக்கிறோம். அது நன்றாகவே வேலை செய்கிறது. ஊசி நிற்கிறது, உடம்பு தேறுகிறது, வேலைக்குப் போகிறார்கள். கையில் கொஞ்சம் காசு வந்ததும், ஊசியை விட்ட சந்தோஷத்தில் குடிக்கிறார்கள். இதில் சிக்கல் என்னவென்றால், நாம் கொடுக்கும் மாத்திரையும் ஓபியம் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதோடு மது நிறையச் சேர்ந்தால் மூச்சு மெதுவாகும். இன்னும் சேர்ந்தால் நின்றே போகும். இதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தோம். எல்லோரும் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் மாத்திரைக்குக் காத்திருப்பார்கள்.

திண்டிவனம் கிளையில் மாத்திரை போட்டவர்கள் உட்கார ஒரு பெஞ்சு உண்டு. மாத்திரை கரையும்வரை வாயைத் திறக்கக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. வரிசையாக ஆண்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அந்த பெஞ்சில்தான் ஏழுமலையும் இருதயராஜும் பழக்கமானார்கள்.

ஏழுமலை பெருமுக்கல் பக்கத்து ஆள். சின்ன சரக்கு வண்டி, நம் பக்கத்தில் குட்டியானை என்கிறார்களே, அதை ஓட்டுபவர். சீசனில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, மற்ற நேரத்தில் எது கிடைத்தாலும் ஏற்றுவார். இருதயராஜ் முகையூர்க்காரர். திண்டிவனத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் மனைவி பிலோமினா கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். இரண்டு ஆண்களும் நாக்குக்கு அடியில் மாத்திரையோடு மௌனமாக நட்பாகி, மாத்திரை கரைந்ததும் பேசிய முதல் பேச்சு, "கட்டிங் வர்றியா?" என்பதாக இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஆன்லைன் சிகிச்சைத் திட்டம் வந்தது. மாத்திரை எடுத்துக்கொண்டே நிறையக் குடிப்பவர்களிடம் வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், நான்கு வாரம் வீடியோவில் பேச வேண்டும். அவர்கள் பஸ் பிடித்து வர வேண்டாம், வேலை கெடாது. நல்ல திட்டம். ஒரே ஒரு நிபந்தனை, நோயாளி கதவு சாத்திய அறையில் தனியாக இருக்க வேண்டும். எழுதியவர்கள் வீட்டில் ஆளுக்கு ஓர் அறை இருந்திருக்கும்.

ஏழுமலை என் பங்குக்கு வந்தார். முதல் அழைப்பை வீட்டிலிருந்து எடுத்தார். திரை முழுக்க முகங்கள். வீடியோ கால் என்றால் துபாயிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நம் வீடுகளில் அர்த்தம். அவர் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"மேடம், சாப்ட்டீங்களா? இதோ பாருங்க, எங்க சின்ன மாமியாரு. கும்பிடறாங்க பாருங்க."

நானும் கும்பிட்டேன். நான் வாயைத் திறக்குமுன் சின்ன மாமியார், "டெய்லி குடிக்கறாம்மா, எழுதிக்கோ" என்றார். ரகசியம் காக்கும் விதி அந்த இடத்தில் உயிரை விட்டது. நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். இந்தப் பொய்யை நீங்களும் நிறையச் சொல்வீர்கள்.

மறுநாள் ஏழுமலையே வழி கண்டுபிடித்தார். வண்டியைப் பெருமுக்கல் மலையடிவாரத்தில், கோயிலுக்குப் போகும் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, போனை ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். வார நாட்களில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. டவர் நன்றாக எடுக்கும். கதவு சாத்திய அறை என்றுதான் விதி சொன்னது, அறைக்குச் சக்கரம் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

முதல் அமர்வு ஒழுங்காகவே நடந்தது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மத்தியானம் ஒரு கட்டிங், சாயங்காலம் ஒரு கட்டிங் மேடம். அவ்ளோதான். போன்ல பேசுன எங்க சின்னம்மா பேச்சக் கேக்காதீங்க. அவங்க தண்ணி குடிச்சாலே வாசனை பாப்பாங்க."

கட்டிங் என்றால் உங்களுக்குத் தெரியும். கடையில் கிடைக்கும் மிகச் சிறிய பாட்டில் குவாட்டர். அதை இரண்டு பேர் ஆளுக்குப் பாதி காசு போட்டு வாங்கி, ஆளுக்குப் பாதி ஊற்றிக்கொள்வது கட்டிங். எங்கள் படிவத்தில் எவ்வளவு, எப்போது, எங்கே, எந்த மனநிலையில் என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. அதைத் தயாரித்த தேசத்தில் ஒவ்வொருவரும் தன் பாட்டிலைத் தானே வாங்கிக் குடிக்கிறார்கள் போலிருக்கிறது. கூட யார் என்ற கேள்வி அதில் இல்லை.

ஏழுமலை உற்சாகமான ஆள். மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு, அடுத்த அமர்வு நாளிலிருந்து நிறுத்திவிடுகிறேன், அன்றைக்கே உங்களிடம் வந்து சொல்கிறேன் என்றார். பரீட்சை எழுதும் பிள்ளையைப் போல நாளும் குறித்துக்கொண்டார்.

அடுத்த அமர்வு ஒரு மத்தியானம். நான் விழுப்புரத்தில் என் அறையில், அவர் மலையடிவாரத்தில் வண்டிக்குள். அமர்வின் தொடக்கத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். எங்கே இருக்கிறீர்கள்? அதே இடம். கூட யாராவது இருக்கிறார்களா?

"யாரும் இல்ல மேடம்."

குடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "இன்னிக்கி ஒரு சொட்டு இல்ல மேடம். கடப் பக்கமே போவல" என்றார். கையேட்டில் உள்ளபடி பாராட்டினேன். பாராட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. யாரோ தூரத்தில் மரம் அறுப்பது போல. ஈரமான சத்தம். வந்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடியும் வந்தது.

"அது என்ன சத்தம் ஏழுமலை?"

"எது மேடம்? ஓ, அதுவா. நம்ம இருதயராஜி. கம்முனு தூங்கறான். நீங்க பேசுங்க."

"கூட யாரும் இல்லன்னீங்களே?"

"முழிச்சிக்கினு இருக்கற ஆளு யாரும் இல்லன்னு சொன்னேன் மேடம்."

கேமராவைத் திருப்பச் சொன்னேன். பக்கத்து இருக்கையில் இருதயராஜ், மோவாய் நெஞ்சில் படிய, மூட்டை போலச் சரிந்து கிடந்தார். உதட்டில் நீலம் ஓடியிருந்தது.

"எவ்வளவு குடிச்சார்?"

"அத ஏன் கேக்கறீங்க. இன்னிக்கி வாங்கற மொற அவனுது. நான் வரலன்னு சொல்லாம வுட்டுட்டேன். வாங்கி ரெண்டு கிளாஸ்ல ஊத்தி வெச்சிக்கினு நின்னிருக்கான். நான் போவல. ஏம்பங்கையும் சேத்து அவனே அடிச்சிருக்கான். அந்தக் கோவத்துல இன்னொரு குவாட்டரு. அப்பறம் ஸ்டேண்டுக்கு வந்து வண்டில ஏறி, என்னக் கண்டபடி திட்டிக்கினே வந்தான். பாதி வழில தூங்கிட்டான். நானும் போய்த் தொலையுது, தூங்கட்டும்னு வுட்டுட்டேன்."

ஒருவரை நிறுத்த வைத்தோம். அவருடைய பாதி எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. அது எங்கும் போகாமல் பக்கத்து கிளாஸில் இருந்திருக்கிறது. அந்தக் கிளாஸுக்குச் சொந்தக்காரரும் காலையில் நம்மிடம் மாத்திரை போட்டவர்.

இங்கே நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வந்தவனுக்கு நம் வீடுகளில் செய்யும் ஒரே உபகாரம், தூங்க விடுவதுதான். "எழுப்பாத, தூங்கி எழுந்தா தெளிஞ்சிடுவான்." குறட்டை வந்தால் இன்னும் நிம்மதி, ஆழ்ந்த தூக்கம் என்று போர்வை போர்த்துவார்கள். வெறும் குடிக்கே அது ஆபத்தான நம்பிக்கை. மாத்திரையும் சேர்ந்தவனுக்கு அந்தக் குறட்டை தூக்கம் அல்ல. மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டு போராடும் சத்தம்.

"ஏழுமலை, அவர் தூங்கல. மூச்சு அடைக்குது. மொதல்ல தலையை நிமித்துங்க."

அவர் முகத்தில் இருந்த பரீட்சைப் பெருமிதம் காணாமல் போனது. தலையை நிமிர்த்தினார். இறக்கி, வண்டியின் பின் தட்டில் சாக்கு விரித்து, ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னேன். ஒற்றை ஆளாகச் செய்தார், மூட்டை தூக்கிய உடம்பு. அதற்குள் மேசைத் தொலைபேசியில் 108-ஐ அழைத்தேன். ஒரு காதில் ஆம்புலன்ஸ் பெண், மறு காதில் ஏழுமலை. இடத்தைத் தயங்காமல் சொல்ல முடிந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கச் சொன்ன விதியை எழுதியவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அது நானில்லை.

வண்டி கிளம்பிவிட்டது, வந்துவிடும் என்றாள் அந்தப் பெண். ஏழுமலைக்கு அது போதவில்லை.

"அவங்க எப்ப வந்து, எப்ப போய்ச் சேர்றது? நானே ஜல்தியா இட்டுக்கினு போயிடறேன் மேடம். நான் இன்னிக்கி குடிக்கக்கூட இல்ல."

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. மேலதிகாரியைக் கேட்க நேரமில்லை. வண்டி இருக்கிறது, ஓட்டுநர் இருக்கிறார், சாலை திறந்திருக்கிறது. போ என்று சொல்லத்தான் வாய் வந்தது. எதையாவது செய்துகொண்டிருப்பது நமக்கு எப்போதும் நிம்மதி. ஆனால் ஏழுமலை ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவர் கண் சாலையில் இருக்கும். பின்னால் தட்டில் கிடப்பவர் மூச்சு நின்றால் திண்டிவனம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

"வேண்டாம். அங்கயே இருங்க."

"மேடம், இன்னா பேசறீங்க? நீங்க அங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கினு சொல்றீங்க. இங்க அவன் கெடக்கறான்!"

"அவர் நெஞ்சுல கை வைங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் எனக்கு 'ம்'னு சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

அவர் என்னைத் திட்டினார். திட்டிவிட்டுக் கை வைத்தார்.

"ம்." நீண்ட இடைவெளி. "ம்." இன்னும் நீண்ட இடைவெளி. அடுத்த "ம்" வரவில்லை. "மேடம்..." என்றது ஏழுமலையின் குரல். குரலே மாறியிருந்தது.

"தட்டுங்க! தோளைப் பிடிச்சு உலுக்குங்க! பேரச் சொல்லிக் கத்துங்க!"

கத்தினார். ஒரு பெரிய மூச்சு, தண்ணீரிலிருந்து எழுந்தது போல, எனக்கே கேட்டது. இப்படிப்பட்டவர்கள் உலுக்கும்போது மூச்சு விடுவார்கள், விட்டதும் மறந்துபோவார்கள். அவர்களை நினைவோடு வைத்திருக்க வேண்டும். பேசவைக்க வேண்டும்.

"அவருக்கு எது சொன்னா கோவம் வரும்?"

"இன்னா மேடம்?"

"கோவம் வர்ற மாதிரி எதுனா பேசுங்க. எழுந்திரிச்சு அடிக்க வரணும்."

ஏழுமலைக்கு அந்தக் கலை கைவந்தது. "டேய் இருதயராஜி! நீ மயிலத்துல அடிச்ச வூடு மொத மழைக்கே வழிஞ்சிப் போச்சாமேடா! வூட்டுக்காரன் ஒன்னத் தேடறானாம்!"

"ம்ம்..." என்றது கட்டையான குரல்.

"பெயின்டுல பாதி தண்ணி ஊத்தறான்னு ஊரே சொல்லுதுடா!"

"போடா..."

"ஒம்மச்சான் ஒன்ன விட நல்லா அடிக்கறானாம். பிலோமினாவே சொல்லுச்சி!"

ஒரு கண் திறந்தது. "எவன்... எவன் சொன்னான்?"

நானும் சேர்ந்துகொண்டேன். நோயாளியின் தன்மதிப்பைக் காக்க வேண்டும் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவள், விழுப்புரத்தில் என் மேசையிலிருந்து போனுக்குள் கத்தினேன். "ஆமாங்க இருதயராஜ், நானும் கேள்விப்பட்டேன். நம்ம மையத்துக்கு வெள்ளை அடிக்க உங்க மச்சானைத்தான் கூப்பிடறதா இருக்கோம்!"

இரண்டாவது கண்ணும் திறந்தது. "அவனுக்கு... பிரஷ்ஷே... புடிக்கத் தெரியாது மேடம்."

"அப்படியா? எப்படிப் பிடிக்கணும்? சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினார். பாதி வார்த்தையில் கண் சொருகும். ஏழுமலை மச்சான் பெயரைச் சொல்வார். கண் திறக்கும். என் பணிக்காலத்தில் இவ்வளவு பயனுள்ள உறவினர் ஒருவரை நான் சந்தித்ததில்லை. இப்படியே பிரைமர் அடிப்பதிலிருந்து இரண்டாவது பெயின்ட் பூச்சுக்கு வந்துகொண்டிருந்தபோது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஏழுமலை போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். எனக்கு வெறும் வானம் தெரிந்தது.

அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் போனேன். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். ஆபத்தில்லை, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வேறு கதை என்றார் மருத்துவர். பிலோமினா கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள். கட்டில் ஓரமாக நின்று அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு விடும்போதெல்லாம் அவளும் விட்டாள், தனக்குத் தெரியாமலேயே.

"மேடம், இந்தாளு செத்துப்போனா நிம்மதின்னு எத்தினியோ தபா சொல்லியிருக்கேன்" என்றாள் திரும்பாமல். "சும்மாதான் சொன்னேன்."

இருதயராஜ் கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "வேலைய மச்சானுக்குக் குடுத்துட்டீங்களா?"

கொடுக்கவில்லை என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். ஏழுமலை உடனே அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். இனி தூங்கலாம் என்று நர்ஸ் சொல்லித்தான் விட்டார். அதன் பிறகும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெஞ்சில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். அமர்வின்போது மூன்றாம் நபர் இருந்தாரா என்ற இடத்தில் "ஆம், மயக்க நிலையில்" என்று எழுதினேன். இனி இருவருக்கும் சேர்த்தே அமர்வு நடத்துகிறேன் என்றும் எழுதினேன். இது தனிநபர் சிகிச்சை, இரண்டு பேரைச் சேர்த்தால் முடிவுகள் கலந்துவிடும் என்று பதில் வந்தது. முடிவுகளைக் கலந்தவர்கள் அந்த இரண்டு பேரும்தான், நானில்லை. கட்டிங் இரண்டு பேர் செய்துகொண்ட ஏற்பாடு. ஒருவர் மட்டும் விலகினால் மற்றவர் கையில் முழு பாட்டில் இருக்கும். பிரிப்பதானால் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இதை மரியாதையான மொழியில் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. பதில் வராததை அனுமதியாக எடுத்துக்கொள்வது எப்படி என்று இன்னொரு நாள் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

மீதி அமர்வுகளில் திரையில் இரண்டு அரை முகங்கள் தெரிந்தன. வண்டிக்குள் இரண்டு பேரும் முழுசாகத் தெரிய இடமில்லை. ஒருவர் பேசினால் மற்றவர் திருத்துவார்.

"சனிக்கிழம குடிக்கல மேடம்."

"டேய், பொய் சொல்லாத. கல்யாண வூட்டுல குடிச்ச."

"அது பீருடா."

"பீரு இன்னா பானகமா?"

இதைவிட நேர்மையான தகவல் எந்தப் படிவத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அவர்கள் ஒரேயடியாக யோக்கியர்களாகிவிட்டார்கள் என்று சொன்னால் நம்பாதீர்கள். சறுக்கினார்கள், எழுந்தார்கள். ஆனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவருக்குக் குடிக்கத் தோன்றினால் கடைக்குப் போகுமுன் மற்றவருக்கு போன் செய்ய வேண்டும். போன் வந்தால் மற்றவர் எங்கிருந்தாலும் வந்து திட்ட வேண்டும். திட்டுவதில் இருவருக்கும் தேர்ச்சி இருந்ததால் அது நீடித்தது.

ஆகவே, யாராவது உங்களிடம் வந்து இன்றிலிருந்து நிறுத்திவிட்டேன் என்றால் பாராட்டுங்கள். பாராட்டிய கையோடு, இதுவரை யாரோடு என்று கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு பிலோமினாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், ஒரு கம்ப்ளெய்ண்ட்."

"குடிச்சாரா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல. பொழுது சாஞ்சா நேரா வூட்டுக்கு வந்துடறாரு. கூட அந்த ஏழுமலையவும் இட்டுக்கினு வந்துடறாரு. நான் கடையில நாளெல்லாம் நின்னுட்டு வந்து ஆக்கிப்போட்டா, ரெண்டு பேரும் உக்காந்துக்கினு, கொழம்புல உப்பு பத்தல, வடகம் கருகிப் போச்சின்றாங்க. செவுத்தப் பாத்து இந்தக் கலரு சரியில்ல, மாத்தணும்ன்றாரு. ஒரே பேஜாரு மேடம். முன்னெல்லாம் சாயங்காலத்துல நான் பாட்டுக்கு சீரியலு பாத்துக்கினு நிம்மதியா இருந்தேன். இதுக்கு எதுனா ட்ரீட்மெண்ட் இருக்குதா?"

சிரிப்பு அவள் குரலில் பாதியும் என் குரலில் பாதியுமாக இருந்தது. அப்படி எதுவும் எங்களிடம் இல்லை என்றேன். குறைதீர்ப்பு விதிகளின்படி, நோயாளியின் குடும்பத்தினர் சொல்லும் புகார் எதுவானாலும் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த ஒரு புகாரை மட்டும் நான் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அதையும் சரிசெய்யச் சொல்லியிருப்பார்கள்.